வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள்

எலி பிடிக்க என்று கிடங்குக்கு வந்த பூனை, வந்த கொஞ்ச நாளிலேயே அந்த வேலையை விட்டுவிட்டு, மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்க்கும் வேலைக்கு மாறிக்கொண்டது. மூட்டை அடுக்கின் உச்சியில் ஏறி உட்கார்ந்து, கீழே முதுகு வளையச் சுமந்து போகிறவர்களை அரைக்கண்ணால் பார்க்கும். எவனாவது நின்று மூச்சு வாங்கினால் வாலை ஒரு ஆட்டு ஆட்டும். மேனேஜரம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. உண்மையான மேனேஜர் ஒருவரும் இருந்தார். அவர் எப்போதாவது வருவார், போவார். அவருக்குப் பட்டப்பெயர் வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

மேனேஜரம்மா அடுக்கைவிட்டு இறங்குவது ஒரே ஒரு ஆளுக்காகத்தான். கிழிந்த சாக்குகளைத் தைக்கிற கோணியக்காவுக்காக. பின்வாசலில் வெளிச்சம் விழுகிற இடத்தில் கிழிசல்களைக் குவித்துப் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்தால், அந்தக் குவியலின் மேல் வந்து படுத்துக்கொள்ளும். அதை நகர்த்தாமல், அது படுத்திருக்கிற சாக்கைக் கடைசியாகத் தைக்கக் கோணியக்கா பழகிக்கொண்டாள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் நன்றாக இருக்கிறாள். நன்றாக இருப்பதால் அதிகம் பேசுவதில்லை. வீட்டில் பேச ஆளில்லாததை எல்லாம் பகலில் பூனையிடம் பேசித் தீர்ப்பாள். பூனையும் "ம்" கொட்டாமல் கேட்கும். அதுவே பெரிய விஷயம் அல்லவா.

ஒருநாள் அடுக்கு சரிந்தது. ஆட்கள் எல்லாம் தப்பித்தார்கள். ஒரு மூட்டை மட்டும் மேனேஜரம்மாவின் பின்னங்காலில் விழுந்தது.

கால்நடை ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கட்டுக்குள்ளேயே கால் கறுத்தது. பூனை தீனியைத் தொடவில்லை. பாலை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. காது கொதித்தது. கோணியக்கா மறுபடி தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டரம்மா கட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்தார்.

"காலை எடுத்துடணும்மா. நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க."

"எடுத்துட்டா எப்படிங்க நடக்கும்?"

"மூணு காலோட நல்லாவே ஓடும். உங்களைவிட வேகமா ஓடும்."

"என்னைவிட வேகமா ஆமைகூட ஓடும் டாக்டரம்மா. வலிக்குமேன்னு கேட்டேன்."

"மயக்கம் குடுத்துட்டுத்தான் செய்வோம். ஒண்ணும் தெரியாது. ஆனா நீங்க ஒரு காரியம் செய்யணும். இன்னைக்கு ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் குடுக்காதீங்க. வெறும் வயித்தோட கொண்டுவாங்க."

"ஏற்கெனவே ஒண்ணும் சாப்பிடலையே, பாவம்."

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெளியே எத்தனையோ பேர் காத்திருந்தார்கள், இருந்தாலும் உட்கார்ந்தார்.

"உங்க கிடங்குல வாட்ச்மேன் உண்டா?"

"இருக்காருங்க. தூங்குவாரு."

"அதேதான். நம்ம எல்லாருக்கும் தொண்டையில ஒரு வாட்ச்மேன் உண்டு. சாப்பாட்டுக்கு ஒரு வழி, மூச்சுக்கு ஒரு வழி. உள்ள போனது தப்பித்தவறி மேல வந்தா, அவன் சட்டுனு மூச்சு வழியைச் சாத்திடுவான். மயக்கம் குடுத்தா அவனும் சேர்ந்து தூங்கிடுவான். அப்ப வயித்துல இருக்கறது மேல வந்தா நேரா நுரையீரலுக்குத்தான் போகும். புரியுதா?"

"புரியுதுங்க."

நன்றாகவே புரிந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த வாட்ச்மேனை நினைத்துக்கொண்டே போனாள். அவளுடைய தொண்டையிலும் அவன் இருக்கிறான் என்று நினைத்ததும் எச்சில் விழுங்கவே பயமாக இருந்தது.

அவளுக்குப் புரிந்தது. கிடங்கில் இருப்பவர்களுக்குப் புரிய வைப்பதுதான் பாடு. ஏனென்றால் அந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. வெறும் வயிற்றோடு யாரும் மூட்டையைத் தொடக் கூடாது. முன்பு ஒருவன் பட்டினியாக வந்து, லாரிப் பலகையில் ஏறும்போது கண் இருட்டி, கழுத்தில் மூட்டையோடு விழுந்தான். அன்றைக்குப் பிறகு வந்த சட்டம். காலையில் முதல் மூட்டைக்கு முன்னால் மேஸ்திரி வரிசையாக ஒவ்வொருவன் முன்னாலும் நின்று, "வாயில என்ன போட்ட?" என்று கேட்பார். ஒன்றும் போடவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவன் தன்னுடையதில் பாதியைக் கொடுத்தே ஆகவேண்டும். பொய் சொன்னால் மேஸ்திரிக்கு மூக்கு வேர்த்துவிடும். கண்டுபிடித்துவிடுவார். பட்டினியோடு ஒருவனைப் பாரத்துக்கு அனுப்புவது என்பது அந்த ஆட்களுக்குக் கொலைக்குச் சமானம்.

அன்று சாயங்காலம் கோணியக்கா விஷயத்தைச் சொன்னதும், வண்டி ஓட்டுகிற ஒட்டகம்தான் முதலில் வாயைத் திறந்தான். உயரமான ஆள், சுமந்து சுமந்து பிடரிக்குக் கீழே ஒரு மேடு விழுந்திருந்தது. அதனால் ஒட்டகம்.

"வெறும் வயித்தோட போனா தானாவே மயக்கம் வருமேக்கா. அப்புறம் எதுக்கு ஊசி? டாக்டரம்மா ஏமாத்துது."

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை.

மேஸ்திரிக்கும் பூனைக்கும் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். அவருடைய ஸ்டூலில் அது படுத்திருந்தால் துண்டை உதறி விரட்டுவார். "திருட்டுக் கழுதை" என்பார். பூனையை எப்படிக் கழுதை என்று சொல்லலாம் என்று ஒட்டகம் கேட்டதற்கு, "உன்னை ஒட்டகம்னு சொல்லலையா?" என்று வாயை அடைத்தார். அப்படிப்பட்டவர் எழுந்து நின்று கையை ஓங்கிச் சொன்னார்:

"டேய், சிரிக்கிற விஷயம் இல்லை. டாக்டர் சொன்னா சொன்னதுதான். நாளைக்கு எவனாவது அந்தப் பூனைகிட்டக் கையை நீட்டினீங்க, கையை ஒடிச்சு அடுப்புல வைப்பேன். தெரிஞ்சுதா?"

கோணியக்காவுக்கு மனசு நிறைந்துவிட்டது.

மறுநாள் காலையில், மூடி போட்ட கூடையில் மேனேஜரம்மாவை வைத்து எடுத்துக்கொண்டு கிடங்குக்கு வந்தாள். ஒட்டகத்தின் மூன்று சக்கர வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தைத்து முடித்த சாக்குகளை முதலில் ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. கூடையை எங்கே வைப்பது என்று முழித்தவளிடம் மேஸ்திரியே வந்தார்.

"இவனுங்க கண்ணுல படவேண்டாம். என் ரூம்ல வை. நான் பூட்டிக்கறேன்."

அவர் அறை என்பது ஒரு மேஜையும் ஸ்டூலும் கொள்கிற தகர அடைப்பு. கூடையை வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது கூடை வண்டியில் ஏறியிருந்தது. வழியனுப்பக் கூட்டமே கூடியிருந்தது. தராசுக்காரர்கூட வேலையை விட்டு வந்து நின்றார். மொட்டை என்கிறவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எல்லோரும் வாயைத் திறக்காமல் நின்றதைப் பார்த்து, இந்த முரட்டுப் பிள்ளைகளுக்குத்தான் எவ்வளவு ஈரம் என்று கோணியக்கா நினைத்துக்கொண்டாள். பொய் பேசாதவர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் உள்ளே அழைத்ததும் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"வெறும் வயிறுதானே?"

"பச்சைத் தண்ணிகூடக் குடுக்கலைங்க. என்மேல சத்தியமா."

"சத்தியமெல்லாம் எதுக்கும்மா." டாக்டரம்மா சிரித்தார். "இது முதல் ஊசி. மயக்கம் இல்லை, சும்மா கிறக்கம். பயம் போகும், வலி மட்டுப்படும். பெரிய மயக்கம் அப்புறம். அதுவரைக்கும் நீங்களே பிடிச்சுக்குங்க. உங்க கைன்னா பயப்படாது."

பூனை அவள் முழங்கை மடிப்பில் முகத்தைச் செருகிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் உடம்பு தளர்ந்தது. இமைகளுக்கு உள்ளேயிருந்து வெள்ளையாக ஒரு தோல் பாதிக் கண்ணை மூடியது. கோணியக்கா அதன் காதுக்குப் பின்னால் தடவிக்கொண்டே, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று வயிறு உள்ளே இழுத்தது. ஒரு தடவை, இன்னொரு தடவை. கம்பவுண்டர் தட்டை நீட்டுவதற்குள் அவள் புடவையிலும் மேஜையிலும் கொட்டிவிட்டது.

ஊறிப்போன பன் துண்டு. பிஸ்கட் கூழ். மஞ்சளாக ஏதோ ஒன்று, முட்டைக்கரு மாதிரி.

கம்பவுண்டர் அதைத் தட்டில் வழித்தெடுத்தார். டாக்டரம்மா தட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

"சத்தியம் பண்ணீங்களேம்மா."

"நான் குடுக்கலைங்க" என்று சொன்னாள். அந்தச் சத்தம் அவளுக்கே பொய் சொல்கிறவளின் சத்தம் மாதிரி கேட்டது.

"யாரு குடுத்தாங்கன்னு எனக்கு வேண்டாம். என்னென்ன குடுத்தாங்க, அதுதான் வேணும். கேட்டுட்டு வாங்க. ஓடுங்க."

வாசலில் வண்டிக்குள் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒட்டகம் அவள் வந்த வேகத்தைப் பார்த்ததுமே எழுந்தான். புடவையில் இருந்த கறையைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"நீ என்னடா குடுத்த?"

"யக்கா... ஒரு வாய் பன்னு. பால்ல தொட்டு. இத்தனை நாளா ஒண்ணும் தின்னாதது வாயைத் திறந்துச்சுக்கா. ஒருவேளை... திரும்பி வரலைன்னா பசியோட போன மாதிரி ஆயிடுமேன்னு..."

"வேற யாரு?"

"எனக்குத் தெரியாதுக்கா."

"போனைப் போடு."

போட்டான். கிடங்கில் போன் கைக்குக் கை மாறியது. மொட்டை அழுதுகொண்டே பிஸ்கட் என்றான். எவ்வளவு என்று கேட்டதற்கு, "பாதி. பாதிதான்க்கா. மீதியை நான் தின்னுட்டேன்" என்றான். தராசுக்காரர் தொண்டையைக் கனைத்துவிட்டு, அவித்த முட்டையில் மஞ்சள் கருவை மட்டும் கொடுத்ததாகவும், வெள்ளையைவிட அது சத்து என்று எங்கேயோ கேட்டதாகவும் சொன்னார். கூடை வண்டியில் ஏறிய பிறகு ஒருத்தனுக்கு ஒருத்தன் தெரியாமல் கொடுத்திருக்கிறான்கள். தான் மட்டுமே கொடுத்ததாக ஒவ்வொருவனும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

கடைசியாக மேஸ்திரியின் குரல் கேட்டது. அவரைச் சுற்றி ஆட்கள் நின்று பேசுகிற இரைச்சலும் கேட்டது.

"மேஸ்திரி, நீங்க ஏதாவது குடுத்தீங்களா? உயிர்ப் பிரச்சினை, சொல்லிடுங்க."

"நானா?" என்றார். பிறகு சத்தமாக, "நான் எதுக்குக் குடுக்கப் போறேன்? எனக்கு வேற வேலை இல்லையா? டேய், நேத்துத் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனேடா உங்ககிட்ட..." என்று அங்கே இருப்பவர்களைத் திட்டத் தொடங்கினார். போன் அறுந்தது.

கோணியக்கா உள்ளே ஓடினாள். பன், பிஸ்கட், மஞ்சள் கரு. டாக்டரம்மா தட்டில் இருந்ததைக் கரண்டியால் கிளறிப் பார்த்தார்.

"மூணும் இதுல இருக்கு. வேற எதுவும் இல்லையே?"

"இல்லைங்க."

"பாருங்கம்மா, ஒளிக்காம சொல்றேன். கால் அழுகின விஷம் ரத்தத்துல ஏற ஆரம்பிச்சுடுச்சு. நாளைக்குத் தள்ளிப் போட்டா, நாளைக்கு இவ இருப்பாளான்னு எனக்குத் தெரியாது. இன்னைக்குச் செஞ்சா, வயித்துல மிச்சம் இருந்தா ஆபத்து. இருக்கற சாப்பாடு வந்துடுச்சுன்னு வெச்சுக்கிட்டா செய்யலாம். ஆனா நீங்கதான் சொல்லணும்."

"நான் என்னத்தைக் கண்டேன் டாக்டரம்மா?"

"தெரியும்மா. ஆனாலும் நீங்கதான் சொல்லணும். உங்க பூனை."

வாழ்நாள் முழுவதும் அவளிடம் யாரும் எதையும் இப்படிக் கேட்டதில்லை. கல்யாணத்தைக்கூட அவளைக் கேட்டுச் செய்யவில்லை. இன்றைக்கு வந்து, கத்தியைக் கையில் கொடுத்த மாதிரி, நீயே சொல் என்கிறார்கள். பூனையைப் பார்த்தாள். அது யாரையும் பார்க்கவில்லை.

"செஞ்சுடுங்க" என்றாள்.

கதவு சாத்திக்கொண்டது. கதவின் மேல்பாதியில் சின்னதாகக் கண்ணாடி பதித்திருந்தது. கோணியக்கா நுனிக்காலில் நின்று பார்த்தாள். பச்சைத் துணி. விளக்கு. வாயிலிருந்து ஒரு குழாய் வெளியே வந்து நாடாவால் கட்டப்பட்டிருந்தது. நாக்கு ஒரு பக்கமாகத் தொங்கியது. கண்கள் இரண்டும் விரியத் திறந்திருந்தன. நேராகக் கதவைப் பார்த்தன.

முழித்துக்கொண்டிருக்கிறது! மருந்து ஏறவில்லை, எல்லாம் தெரிகிறது, கத்த முடியாமல் குழாயைப் போட்டுவிட்டார்கள்! கண்ணாடியில் அடித்தாள். கம்பவுண்டர் கதவைக் கொஞ்சமாகத் திறந்தார்.

"கண்ணு திறந்திருக்குப்பா! என்னைப் பார்க்குது!"

"பார்க்கலைம்மா. பூனைக்கு இந்த மருந்துல கண்ணு மூடாது. காயாம இருக்கக் களிம்பு போட்டிருக்கோம். அதுக்கு இப்ப வெளிச்சமும் தெரியாது, நீங்களும் தெரியாது. உட்காருங்க."

உட்கார்ந்தாள். 'நீங்களும் தெரியாது' என்று சொன்னது ஆறுதலுக்காகத்தான். ஆனால் அது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது.

பெஞ்சில் எதிரே ஒருவர் கழுத்தில் பிளாஸ்டிக் வளையம் மாட்டிய நாயோடு இருந்தார். நாய் வளையத்தோடு சுவரில் மோதி மோதி நின்றது. அவர் போன பிறகு இடம் காலியாகக் கிடந்தது. அந்த இடத்தில் மேஸ்திரி வந்து உட்கார்ந்தபோது கோணியக்காவுக்கு அவரை அடையாளமே தெரியவில்லை. தலையில் மூட்டைக்கு அணையாக வைக்கிற சும்மாடுத் துணி அப்படியே இருந்தது. வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. கிடங்கிலிருந்து நடந்தே, இல்லை ஓடியே வந்திருக்கிறார்.

"உள்ள கொண்டுபோயிட்டாங்களா?"

"ம்."

"மயக்கம் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு. காலை எடுத்துக்கிட்டிருக்காங்க."

அவர் சும்மாட்டை அவிழ்த்தார். மடித்தார். மறுபடி பிரித்தார்.

"இவனுங்க குடுத்ததெல்லாம் வெளிய வந்துடுச்சுன்னு ஒட்டகம் சொன்னான்."

"வந்துடுச்சு."

"மேல போட்டதுதான் முதல்ல வரும்." அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "லாரியில முதல்ல ஏத்தின மூட்டை அடியில இருக்கும். அது கடைசியிலதான் வரும்." சும்மாட்டை முறுக்கினார். "அடியில மீன் இருக்கும்மா."

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சொன்னது காதில் விழுந்து, வயிற்றுக்குள் இறங்க நேரம் பிடித்தது. பிறகு எழுந்து போய்க் கதவை இரண்டு கையாலும் அடித்தாள்.

கம்பவுண்டர் கோபமாகத்தான் திறந்தார். அவள் சொன்னதைக் கேட்டதும் கோபம் போய்விட்டது. உள்ளே திரும்பிச் சொன்னார். டாக்டரம்மாவின் குரல் வந்தது.

"எவ்வளவு?"

கோணியக்கா திரும்பி மேஸ்திரியைப் பார்த்தாள். அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன, முறம் மாதிரி உள்ளங்கை.

"ஒரு முழுத் துண்டுங்க."

"மூச்சுக்குழாய்ல குழாய் இருக்கற வரைக்கும் பயமில்லை. அதை எடுக்கறப்பதான் பார்க்கணும். இனி நிறுத்த முடியாது. காத்திருங்க" என்று குரல் வந்தது. கதவு மூடியது.

மேஸ்திரி எழுந்து நின்றிருந்தார். எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"போன்ல கேட்டேனே மேஸ்திரி."

"அத்தனை பேரு சுத்தி நின்னானுங்க."

"உயிர்ப் பிரச்சினைன்னு சொன்னேனே."

"கையை ஒடிப்பேன்னு சொன்னவன் நான். அவனுங்க எதிர்ல எப்படிம்மா..." பாதியில் நிறுத்தினார். "ரூம்ல உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். கூடைக்குள்ள மூக்கை நீட்டிச்சு. இத்தனை நாளா ஒண்ணும் தொடலைன்னு நீதானே சொன்ன? விரலை நக்கிச்சு. நான் என்ன செய்யட்டும் சொல்லு? வெறும் வயித்தோட கத்திக்குக் கீழ அனுப்பறாங்களேன்னு எனக்கு மனசே ஆறலை. நான் எவனையும் அப்படி அனுப்பினதில்லையே."

உடம்பெல்லாம் பலம் வைத்திருக்கிற ஆள், ஒரு கதவை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கதவை அவரால் தோளால் முட்டியே உடைக்க முடியும். உடைத்து என்ன செய்வது?

கதவு திறந்தது. "ஒரு கை வேணும். யாராவது வாங்க" என்றார் கம்பவுண்டர். அவள் எழுவதற்குள் மேஸ்திரி எழுந்துவிட்டார். இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

கால் இருந்த இடத்தில் மழித்த தோலும் நேரான தையலும் இருந்தன. பூனையின் தலை மேஜை விளிம்புக்குக் கீழே தொங்கும்படி சாய்த்து வைத்திருந்தார்கள். டாக்டரம்மா குழாயைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். "விழுங்கணும். தானா விழுங்கினா, வாட்ச்மேன் முழிச்சுக்கிட்டான்னு அர்த்தம். அப்பதான் எடுக்கணும்." எல்லோரும் அந்தச் சின்னத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காது துடித்தது. பாதம் ஒன்று இழுத்தது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

குழாய் வெளியே வந்தது. அதன் பின்னாலேயே மீனும் வந்தது.

டாக்டரம்மா துணியால் வழித்தார். உறிஞ்சுகிற மெஷின் கரகரவென்று இரைந்தது. "தலையைத் தாழ்த்து, இன்னும் தாழ்த்து" என்றார். பூனை ஒரு தடவை இருமியது. இழுத்தது. ஈறு நீலம் பாரித்தது. கம்பவுண்டர் ஆக்சிஜன் மூடியை மேஸ்திரியின் கையில் திணித்தார். "மூக்குல வெச்சுப் பிடிங்கய்யா. அழுத்தாதீங்க. அசையாதீங்க."

மேஸ்திரி பிடித்தார். கனமே இல்லாத ஒரு மூடி. அவர் கை வெடவெடவென்று நடுங்கியது. கோணியக்கா அவர் முழங்கையைக் கீழிருந்து தாங்கிக்கொண்டாள். விலா எலும்புகள் ஏறின, இறங்கின. கொஞ்சம் கொஞ்சமாக நீலம் கலைந்தது. டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார், ஊசி போட்டார், மறுபடி கேட்டார். 'இருந்துவிடுவாள் போலிருக்கிறதே' என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது, யாரும் சொல்லவில்லை.

"மேனேஜரம்மா" என்று கூப்பிட்டாள் கோணியக்கா. காது திரும்பவில்லை. திறந்த கண் அவளைத் தாண்டி எங்கேயோ பார்த்தது.

பிறகு மூச்சு குட்டையானது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி விழுந்தது. டாக்டரம்மா இரண்டு விரலால் நெஞ்சை அமுக்கி அமுக்கி விட்டார். கம்பவுண்டர் ஊசியை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அமுக்குவது நின்றது. மேஸ்திரி மட்டும் மூடியைப் பிடித்துக்கொண்டே இருந்தார், அழுத்தாமல், அசையாமல். இப்போது கை நடுங்கவில்லை.

"விட்டுடுங்கய்யா" என்றார் கம்பவுண்டர்.

"அழுத்தலையே. சரியாத்தானே பிடிச்சிருக்கேன்?"

"சரியாத்தான் பிடிச்சீங்க. விட்டுடுங்க."

விட்டார். டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"என் மீன்தானே டாக்டர்?"

"சொல்ல முடியாதுங்கய்யா. விஷம் ஏற்கெனவே ஏறியிருந்தது. இதயம் தாங்காமலும் போயிருக்கலாம். மீன் நுரையீரலுக்குள்ள போச்சா, போனா எவ்வளவு போச்சு... வெட்டிப் பார்த்தாத்தான் தெரியும்."

"அப்ப வெட்டிப் பாருங்க."

"வேண்டாம்" என்றாள் கோணியக்கா.

"எனக்குத் தெரியணும்மா."

"ஒரு காலை எடுத்தாச்சு. இனி கத்தி வைக்க வேண்டாம். குடுங்க டாக்டரம்மா, நான் கொண்டுபோறேன்."

கூடையை அவள்தான் எடுத்துக்கொண்டு நடந்தாள். வாசலில் மேஸ்திரி வழியை மறித்து நின்றார்.

"நீயாவது சொல்லு. என்னாலதான்னு ஒரு வார்த்தை திட்டிடு. இல்லாட்டி, என்னால இல்லைன்னாவது சொல்லு."

திட்டலாம் என்று வாயைத் திறந்தாள். பூனை நக்கக் கொடுத்த விரல் கண்ணில் பட்டது. சரி, இல்லை என்று சொல்லலாம் என்று பார்த்தாள். போனில் கேட்ட குரல் காதில் கேட்டது. இரண்டும் வரவில்லை. "எனக்குத் தெரியலை மேஸ்திரி" என்றாள். அதுதான் உண்மை. அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்று நினைத்தால் பாவமாக இருந்தது. ஆனாலும் அதற்குமேல் அவளிடம் ஒன்றும் இல்லை.

ஒட்டகம் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வண்டியைக் கிளப்பினான். வழியெல்லாம் தோள்பட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினான்.

கிடங்கு வாசலில் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். கூடையை இறக்கியதும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மொட்டை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தராசுக்காரர், "மஞ்சள் கரு சூடோ என்னவோ" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார். ஒட்டகம் வண்டியின் கம்பியில் தலையை முட்டிக்கொண்டான்.

"என் பன்னுதான்க்கா. என் பன்னுதான் கொன்னுடுச்சு."

மேஸ்திரி எதுவும் சொல்லவில்லை. கோணியக்காவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை அவள் சொல்லிவிடலாம். வார்த்தை நுனி நாக்கில் இருந்தது. கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உன் பன்னு வெளிய வந்துடுச்சுடா" என்றார் மேஸ்திரி.

"அப்ப பிஸ்கட்டா?" என்றான் மொட்டை, சுவரைப் பார்த்தபடியே.

"அதுவும் வந்துடுச்சு. முட்டையும் வந்துடுச்சு."

"பின்னே என்னங்க?"

மேஸ்திரி ஆட்களை வரிசையாகப் பார்த்தார். காலையில் ஒவ்வொருவன் முன்னாலும் நின்று கேட்கிறவர். இப்போது அத்தனை பேரும் அவர் முன்னால் நின்றார்கள்.

"நான் மீன் குடுத்தேன்" என்றார்.

குரல் எழும்பவில்லை. பின்வரிசையில் நின்ற தராசுக்காரர் காதில் கையை வைத்துக்கொண்டு, "என்ன சொன்னீங்க மேஸ்திரி?" என்று கேட்டார். அவர் அதை இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.